தோற்பவருக்கும் ஓர் இடம்: குடும்பப் பலகை விளையாட்டுகளின் வரலாற்றிலிருந்து

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்திருப்பதற்காகப் பரமபதம் விளையாடும் வழக்கம் தமிழ் வீடுகளில் நெடுங்காலமாக உண்டு. விரித்த படத்தைச் சுற்றிப் பாட்டியும் பேரனும் அத்தையும் மருமகளும் அமர்வார்கள். ஏணி கிடைத்தவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதும், பாம்பு தீண்டி இறங்கியவரைக் கேலி செய்வதுமாக இரவு கழியும். குடும்பம் மொத்தமும் ஓர் இரவைப் பலகையின் முன் கழிப்பது நமக்குப் புதிய பழக்கம் அல்ல. புதிதாக வந்திருப்பது வேறொன்று. அன்று வீட்டில் பரமபதமும் தாயக்கட்டையும் பல்லாங்குழியும் இருந்தன. எதை விளையாடுவது என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இன்று கடையின் அலமாரியில் நூறு பெட்டிகள் இருக்கின்றன. எதை எடுப்பது?

இந்தக் கேள்வி மேலோட்டமாகத் தோன்றும் அளவுக்கு எளியதன்று. ஒரு குடும்பம் என்பது வயதாலும் அறிவாலும் பொறுமையாலும் சமமற்றவர்களின் கூட்டம். இருபது ஆண்டுகளாகச் சதுரங்கம் ஆடிவரும் தந்தையும் ஏழு வயது மகளும் சதுரங்கப் பலகையின் முன் அமர்ந்தால் முடிவு முன்பே தெரிந்துவிடுகிறது. தந்தை வேண்டுமென்றே தோற்றால் அது மகளுக்கும் தெரிந்துவிடுகிறது. மறுபுறம், முழுக்க முழுக்க அதிர்ஷ்டத்தால் நடக்கும் ஆட்டத்தில் இருவரும் சமமே. ஆனால் பத்து வயது கடந்த யாருக்கும் அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே எங்கே நிற்பது என்பது முதல் சிக்கல். அதைவிடவும் முக்கியமான இரண்டாவது கேள்வி ஒன்று உண்டு. தோற்றுக்கொண்டிருப்பவரை அந்த ஆட்டம் என்ன செய்கிறது? மேசையிலேயே வைத்திருக்கிறதா, எழுந்து போகச் சொல்கிறதா?

பலகை விளையாட்டுகள் வீட்டுக்குள் வந்த வரலாற்றை இந்த இரண்டாவது கேள்வியை வைத்துப் படித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அவ்வாறு படிக்கும்போது சில ஆட்டங்கள் நாம் நினைத்ததற்கு மாறான முகத்தைக் காட்டுகின்றன.

எதிரே அமர்ந்த துணை

வட இந்தியாவின் பச்சீசியிலிருந்து தொடங்குவோம். சிலுவை வடிவத் துணி, ஆறோ ஏழோ சோழிகள், நான்கு நிறக் காய்கள். இதன் நெருங்கிய உறவான சௌபர் ஆட்டத்தில் சோழிகளுக்குப் பதிலாக நீண்ட பகடைகள். அக்பரின் அவையில் சௌபர் ஆடப்பட்ட விதத்தை அபுல் ஃபஸலின் 'ஆயினி அக்பரி' விவரிக்கிறது. வெளிப்பார்வைக்குப் பொழுதுபோக்காகத் தெரிந்தாலும் மனிதர்களை எடைபோட அரசர் அதைப் பயன்படுத்தினார் என்பது அபுல் ஃபஸலின் கருத்து. ஃபதேபூர் சிக்ரியில் கல்தரையிலேயே பச்சீசிக் கட்டங்கள் அமைந்த முற்றம் இன்றும் இருக்கிறது.

பச்சீசியில் கவனிக்க வேண்டியது அதன் அணி அமைப்பு. நான்கு பேர் ஆடுகிறார்கள். ஆனால் எதிரெதிரே அமர்ந்திருப்பவர்கள் துணைவர்கள். ஒருவருடைய காய்கள் அனைத்தும் வீடு சேர்ந்துவிட்டாலும் வெற்றி இல்லை. துணைவரின் காய்களும் சேர வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர் பின்தங்கிய துணைவருக்கு உதவுவதற்காகத் தன் காயை வீட்டுக்குள் செலுத்தாமல் இன்னொரு சுற்று அனுப்புவதும் உண்டு. விழுந்த எண்ணைப் பயன்படுத்தாமல் விட்டுவிடும் உரிமையும் ஆட்டக்காரருக்கு இருந்தது. அதாவது சோழி விழுவது விதியின் கையில் இருந்தாலும், விழுந்ததை என்ன செய்வது என்பது மனிதரின் கையில் இருந்தது.

இந்த ஆட்டம் 19ஆம் நூற்றாண்டில் கடல் கடந்தது. அமெரிக்காவில் 'பார்ச்சீசி' என்ற பெயரில் 1870களில் வணிகப் பொருளானது. இங்கிலாந்தில் 1896இல் 'லூடோ' என்ற பெயரில் காப்புரிமை பெற்றது. பயணத்தில் அது இழந்தவை பல. சோழிகளின் இடத்தில் ஒற்றைப் பகடை வந்தது. எண்ணை மறுக்கும் உரிமை போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாகத் துணைவர் போய்விட்டார். எதிரே அமர்ந்திருந்தவர் இப்போது மூன்று எதிரிகளில் ஒருவர். குழந்தைகளுக்காக எளிமைப்படுத்தியதாகவே இதைக் கருதினார்கள். ஆனால் ஆறு வயதுப் பிள்ளையையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ள மிகச் சிறந்த வழி அந்தப் பிள்ளைக்கு ஒரு பெரியவரைத் துணையாக்குவதுதான். எளிமை என்ற பெயரில் கழற்றி எறியப்பட்டது குடும்பத்துக்கு மிகவும் பயன்படக்கூடிய அந்த ஓர் உறுப்புதான்.

நம்முடைய தாயம் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. தாயம் விழுந்தால்தான் காயை இறக்க முடியும்; மலையில் நிற்கும் காயை வெட்ட முடியாது; ஒரு வெட்டாவது வாங்கினால்தான் உள்சுற்றுக்குள் நுழைந்து பழம் எடுக்கலாம் என்று பல ஊர்களில் விதி. வெட்டப்பட்ட காய் மறுபடியும் தொடக்கத்துக்கே போகிறதே தவிர, ஆட்டக்காரர் போவதில்லை. கடைசிப் பழம் எடுக்கப்படும்வரை எல்லோரும் அமர்ந்திருக்கிறார்கள். தாயம் விழாமல் அரைமணி நேரம் காத்திருப்பவரின் எரிச்சல் வேறு விஷயம்.

பாம்பிடம் வாதாட முடியாது

பரமபதத்தின் மூதாதை வட இந்தியாவில் ஞான சௌபர் எனப்பட்டது. வைணவர், சமணர், சூஃபிகள் எனப் பலரும் தத்தம் கொள்கைக்கேற்ப அதை வரைந்துகொண்டார்கள். 72 கட்டங்கள், 84 கட்டங்கள், நூறுக்கு மேல் என்று பல அமைப்புகள். கட்டங்கள் மனநிலைகள், ஏணிகள் நற்குணங்கள், பாம்புகள் தீக்குணங்கள். பழைய இந்தியப் படங்களில் ஏணிகளைவிடப் பாம்புகள் அதிகமாக இருப்பது வழக்கம். வீடுபேறு எளிதன்று என்பதைப் படமே சொல்லிவிடுகிறது.

இந்த ஆட்டத்தில் ஆடுபவர் எடுக்கும் முடிவு ஒன்றுகூட இல்லை. விழுந்த எண்ணுக்கு நகர வேண்டும், அவ்வளவுதான். சமய நோக்கில் இது குறையன்று. வினைப்பயனைப் பற்றிய பாடம். குடும்ப நோக்கிலும் இதற்கு ஒரு சிறப்பு உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பள்ளிக்குப் போகும் பேரனும் பட்டதாரி மருமகளும் இதன் முன் துல்லியமாகச் சமம். ஒரு கூட்டுக்குடும்பத்தின் படிநிலைகள் அனைத்தும் அந்த ஓர் இரவில் செயலிழக்கின்றன. மாமியாரைப் பாம்பு விழுங்கும்போது மருமகள் சிரிக்கலாம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது இங்கிலாந்துக்குச் சென்றபோது, விக்டோரிய நற்குணங்கள் ஏணிகளில் ஏறிக்கொண்டன. சிக்கனமும் உழைப்பும் உயர்த்தின, சோம்பல் வீழ்த்தியது. பாம்புகளின் எண்ணிக்கையும் ஏணிகளின் எண்ணிக்கையும் சமமாக்கப்பட்டன. பின்னர் அறம் மங்கி, படம் மட்டும் மிஞ்சியது. அமெரிக்காவில் 1943இல் மில்டன் பிராட்லி நிறுவனம் வெளியிட்ட வடிவத்தில் பாம்புகள்கூட இல்லை, சறுக்குமரங்கள் வந்துவிட்டன. பொருள் போனபின் எஞ்சியது வெறும் எண்ணிக்கை. பெரியவர்களுக்கு அது சலிப்பைத் தருவதில் வியப்பில்லை.

பகடைக்கு வேறொரு நிழலும் உண்டு. பாரதக் கதையை அறிந்த எவருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அமெரிக்காவிலும் இதே அச்சம் இருந்தது. மில்டன் பிராட்லி 1860இல் வெளியிட்ட வாழ்க்கை ஆட்டத்தில், சூதாட்டத்தின் அடையாளமான பகடையை நல்ல குடும்பங்கள் வீட்டுக்குள் அனுமதிக்க மாட்டா என்பதால், எண்கள் எழுதிய பம்பரம் ஒன்றைச் சுழற்றும்படி அமைத்தார். பந்தயம் வைக்காத பகடை வீட்டுப்பொருளாக ஏற்கப்படுவதற்கு உலகெங்கும் காலம் பிடித்திருக்கிறது.

ஒரு சுருக்கெழுத்தாளரின் எச்சரிக்கை

பந்தயம் போனது, பணம் வேறு வடிவில் திரும்பி வந்தது. உலகின் மிகப் புகழ்பெற்ற குடும்ப விளையாட்டான 'மோனோபலி'யின் கதை இப்போது பலருக்கும் தெரிந்ததுதான் என்றாலும், நம் கேள்வியை வைத்து அதைத் திரும்பப் பார்ப்பது அவசியம்.

எலிசபெத் மேகி 1866இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். சுருக்கெழுத்தாளராகப் பணியாற்றியவர். அவருடைய தந்தை ஜேம்ஸ் மேகி அடிமைமுறைக்கு எதிரான பத்திரிகையாளர். 1879இல் வெளியான ஹென்றி ஜார்ஜின் 'முன்னேற்றமும் வறுமையும்' என்ற நூலின் தாக்கத்தில், நிலத்தின் மீது மட்டுமே வரி விதிக்க வேண்டும் என்னும் ஒற்றை வரி இயக்கத்தை எலிசபெத் ஆதரித்தார். நிலம் சிலர் கையில் குவிந்தால் மற்றவர்கள் என்ன ஆவார்கள் என்பதைச் சொற்பொழிவால் விளக்குவதைவிட, விளையாட வைத்து உணர்த்தலாம் என்று கருதினார். 'நிலவுடைமையாளர் ஆட்டம்' என்ற அவருடைய படைப்புக்கு 1904 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது. சதுரப் பலகையைச் சுற்றிச் சுற்றி வரும் பாதை, வாடகை, ரயில்பாதைகள், சிறைக்கூடம் எல்லாம் அதில் இருந்தன. ஒரு சுற்று முடிந்து தாயாகிய பூமியைத் தொடும்போது உழைப்புக்கான ஊதியம் கிடைத்தது. பின்னால் வந்த பதிப்பில், செல்வம் எல்லோருக்கும் பகிரப்படும் 'செழிப்பு' என்ற மாற்று விதிகளையும் அவர் சேர்த்தார். ஒரே பலகையில் இரண்டு உலகங்கள்.

ஆட்டம் கையால் வரைந்த படிகளாகப் பரவியது. பொருளியல் பேராசிரியர்கள் வகுப்பறையில் பயன்படுத்தினார்கள். அட்லாண்டிக் சிட்டியின் குவேக்கர்கள் தங்கள் ஊரின் தெருப்பெயர்களை அதில் எழுதிக்கொண்டார்கள். ஃபிலடெல்ஃபியாவில் நண்பர் ஒருவர் வீட்டில் அதைக் கற்ற சார்லஸ் டாரோ, தன் கண்டுபிடிப்பாகவே அதை விற்கத் தொடங்கினார். 'மார்வென் கார்டன்ஸ்' என்ற இடப்பெயர் நண்பரின் பலகையில் 'மார்வின்' என்று பிழையாக எழுதப்பட்டிருந்தது. அந்தப் பிழையும் அப்படியே அச்சேறியது. 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் டாரோவிடம் ஆட்டத்தை வாங்கியது. மேகியின் காப்புரிமைக்கு 500 டாலர் கொடுத்தது. டாரோ செல்வந்தரானார். மேகி 1948இல் மறைந்தபோது, உலகெங்கும் ஆடப்பட்ட அந்த ஆட்டத்துக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு பொதுநினைவில் இல்லை. 1970களில் ரால்ஃப் ஆன்ஸ்பாக் என்ற பொருளியல் பேராசிரியர் தன்னுடைய 'ஆன்டி மோனோபலி' ஆட்டத்துக்காக நடத்திய வழக்கின்போதுதான் இந்த வரலாறு வெளிப்பட்டது.

மேகி இதை எச்சரிக்கையாகவே வடிவமைத்தார் என்பதை நினைவில் வைத்தால், மோனோபலி பல வீடுகளில் சண்டையில் முடிவது ஏன் என்று புரிகிறது. நிலம் உள்ளவருக்கு வாடகை வருகிறது. வாடகையால் வீடு கட்டுகிறார். வீட்டால் வாடகை கூடுகிறது. இல்லாதவர் மெல்ல மெல்ல நொடிந்து, திவாலாகி, மேசையிலிருந்து எழுகிறார். முதலில் எழுபவர் பெரும்பாலும் வயதில் சிறியவர். அதன்பின் இன்னும் ஒன்றரை மணி நேரம் மற்றவர்கள் ஆடுவதை அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இது ஆட்டத்தின் பிழையன்று; ஆட்டம் சொல்ல வந்த செய்தியே இதுதான். கருணை மிகுந்த பெற்றோர் இதை ஈடுகட்டத் தம் சொந்த விதிகளைச் சேர்க்கிறார்கள். அபராதப் பணத்தையெல்லாம் நடுவில் குவித்து, ஒரு மூலையில் வந்து நிற்பவருக்குக் கொடுக்கிறார்கள். வாங்கப்படாத இடத்தை உடனே ஏலம் விட வேண்டும் என்ற அசல் விதியைக் கைவிடுகிறார்கள். இரண்டுமே ஆட்டத்தை இன்னும் நீளமாக்குகின்றனவே தவிர, முடிவை மாற்றுவதில்லை. பம்பாயையும் மதராஸையும் வாங்கி விற்கும் 'பிசினஸ்', 'டிரேட்' ஆட்டங்களோடு கோடை விடுமுறைகளைக் கழித்த நம் தலைமுறையினருக்கும் இந்த அனுபவம் உண்டு.

இது மேலைநாட்டு முதலாளித்துவத்துக்கு மட்டும் உரியது என்று நாம் ஒதுங்கிவிடவும் முடியாது. பல்லாங்குழியில் ஒரு சுற்று முடிந்ததும் அவரவர் வென்ற காய்களைக் கொண்டு தம் குழிகளை நிரப்ப வேண்டும். குறைவாகக் கிடைத்தவரின் நிரம்பாத குழிகள் அடுத்த சுற்றில் ஆட்டத்திலிருந்து விலக்கப்படுகின்றன. இழந்தவர் குறைந்த குழிகளோடு, இன்னும் குறைவாக வெல்லும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். நம் பாட்டிமார் திண்ணையில் அமர்ந்து ஆடிய ஆட்டத்திலும் மேகி சொன்ன கணக்கு இருந்தது. இருவர் மட்டுமே ஆடியதால் யாரும் வேடிக்கை பார்க்கும்படி ஆகவில்லை என்பதே வேறுபாடு.

பெட்டியின் மேல் ஒரு பெயர்

பச்சீசியின் இன்னொரு வாரிசு ஜெர்மனியில் வளர்ந்தது. முனிச் நகரில் ஜோசப் ஃபிரீட்ரிஷ் ஷ்மிட் தன் மூன்று மகன்களுக்காக 1907, 1908 வாக்கில் ஓர் ஆட்டத்தை உருவாக்கினார். 'மனிதா, கோபப்படாதே' என்பது அதன் பெயரின் பொருள். முதல் உலகப்போரின்போது 3000 பெட்டிகளை அவர் ராணுவ மருத்துவமனைகளுக்கு அனுப்பினார். அங்கிருந்து வீடு திரும்பிய வீரர்களோடு ஆட்டமும் வீடுகளுக்குச் சென்றது. வெட்டுப்பட்டுத் தொடக்கத்துக்கே திரும்பும் கணத்தில் எழும் சினத்தையே தலைப்பாக வைத்தது நல்ல நகைச்சுவை. அதே சமயம், குடும்ப ஆட்டத்தின் மையச் சிக்கல் எது என்பதை ஷ்மிட் அறிந்திருந்தார் என்பதற்கும் அது சான்று.

அந்தச் சிக்கலுக்கு விடை தேடும் முயற்சியை ஒரு சமூகமே பொறுப்பாக எடுத்துக்கொண்டது பிறகுதான் நடந்தது. இலக்கிய வாசகர்களுக்கு இது ஆர்வமூட்டக்கூடும், ஏனெனில் அதைத் தொடங்கியவர்கள் விமர்சகர்கள். பத்திரிகைகளில் விளையாட்டு மதிப்புரை எழுதிவந்த சிலர் 1978இல் ஒன்றுகூடி, ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கு விருதளிப்பது என்று முடிவு செய்தார்கள். ஷ்பீல் டெஸ் யாரஸ் எனப்படும் அந்த விருது 1979 முதல் வழங்கப்படுகிறது. விளையாட்டுத் தயாரிப்பு நிறுவனங்களோடு தொடர்புடையவர் நடுவர் குழுவில் இருக்க முடியாது. விருதில் பணமுடிப்பு இல்லை; ஆனால் வென்ற பெட்டியின் மேல் அச்சாகும் சிவப்புக் காய்ச் சின்னத்தைப் பார்த்து மக்கள் லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். நூறு பெட்டிகளின் முன் திகைத்து நிற்கும் குடும்பத்துக்கு விமர்சனம் செய்த உதவி இது.

முதல் விருதைப் பெற்றது டேவிட் பார்லெட் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய 'முயலும் ஆமையும்'. இது பந்தய ஆட்டம், ஆனால் பகடை இல்லை. நகர்வதற்குக் கேரட் செலவழிக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு ஒன்று, இரண்டு கட்டங்களுக்கு மூன்று, மூன்று கட்டங்களுக்கு ஆறு என்று விரைவுக்கேற்ப விலை ஏறுகிறது. பின்னால் இருக்கும் ஆமைக்கட்டத்துக்குத் திரும்பினால் கேரட் கிடைக்கும். பின்னடைவே முதலீடாகிறது. பின்தங்கியவர் தோற்றவர் அல்லர் என்ற எண்ணத்தை ஒரு கதையாகச் சொல்லாமல் விதியாகவே எழுதிய ஆட்டம் அது.

இன்னொரு நிகழ்ச்சியையும் இங்கே சொல்ல வேண்டும். 1988இல் நியூரம்பர்க் பொம்மைக் கண்காட்சியில் கூடிய 13 விளையாட்டு ஆசிரியர்கள், பெட்டியின் மேல் தம் பெயர் அச்சிடப்படாவிட்டால் எந்த நிறுவனத்துக்கும் ஆட்டம் தருவதில்லை என்று பீர்க்கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டை ஒன்றில் எழுதிக் கையெழுத்திட்டார்கள். ஜெர்மன் மொழியில் இவர்களைக் குறிக்கும் சொல்லே 'விளையாட்டு ஆசிரியர்' என்பதுதான். மேகியின் பெயர் மறைந்துபோன உலகில் இது சிறிய வெற்றியன்று. வாங்குபவருக்கும் இதனால் பயன் உண்டு. ஒருவருடைய நாவல் பிடித்தால் அவருடைய அடுத்த நாவலைத் தேடுவதுபோல, ஓர் ஆட்டம் பிடித்தால் அதன் ஆசிரியருடைய மற்ற ஆட்டங்களைத் தேடலாம்.

கட்டான் தீவு

அப்படித் தேடப்பட்டவர்களில் முதன்மையானவர் கிளாவுஸ் டாய்பர். தொழில்முறையில் பல்மருத்துவத் தொழில்நுட்பர்; செயற்கைப் பற்கள் செய்யும் கூடம் நடத்தியவர். வேலை முடிந்த இரவுகளில் வீட்டின் நிலவறையில் ஆட்டங்களை உருவாக்கி, மனைவியையும் பிள்ளைகளையும் வைத்துச் சோதித்துப் பார்ப்பார். 1995இல் வெளிவந்து அவ்வாண்டே விருது பெற்ற அவருடைய 'கட்டான்', 4 கோடிப் படிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. டாய்பர் 2023இல் மறைந்தார்.

ஒரு வெற்றுத் தீவு. 19 அறுகோண நிலத்துண்டுகள். ஒவ்வொரு முறையும் வேறு அடுக்கு, எனவே ஒவ்வொரு முறையும் வேறு தீவு. மரம், செங்கல், கம்பளி, தானியம், கனிமம் என ஐந்து விளைபொருள்கள். நிலத்தின் மேல் எண்கள். இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை எதுவோ அந்த எண்ணுள்ள நிலம் விளையும். அதன் ஓரத்தில் குடியேறியிருக்கும் எல்லோருக்கும் விளைச்சல் கிடைக்கும், பகடையை உருட்டியவர் யாராக இருந்தாலும் சரி. இந்த ஒரு விதியில்தான் கட்டானின் மேதைமை இருக்கிறது. லூடோவில் மற்றவர் உருட்டும்போது நமக்கு வேலையில்லை. இங்கே மற்றவர் உருட்டும்போதும் நாம் நிமிர்ந்து உட்கார்கிறோம். அடுத்ததாகப் பண்டமாற்று. எல்லாப் பொருளும் எல்லாரிடமும் இருப்பதில்லை, பேச வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளை தன் செங்கல்லுக்கு அப்பாவிடம் பேரம் பேசுகிறது, அப்பா கெஞ்சுகிறார்.

இங்கே போர் இல்லை. கட்டிய வீட்டை யாரும் இடிக்க முடியாது. பத்துப் புள்ளிகளை ஒருவர் எட்டியதும் ஆட்டம் முடிகிறது, பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள். அதுவரை யாரும் மேசையை விட்டு எழுவதில்லை. ஏழு விழுந்தால் கொள்ளைக்காரன் நகர்வான். அப்போது ஏழு அட்டைகளுக்கு மேல் சேர்த்து வைத்திருப்பவர் பாதியை இழக்க வேண்டும். குவிப்புக்கு ஒரு வரி. எலிசபெத் மேகி பார்த்திருந்தால் புன்னகைத்திருப்பார் என்று நினைக்கத் தோன்றுகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. தொடக்கத்தில் குடியேற்றத்தைத் தவறான எண்களில் வைத்தவர் வெறுங்கையுடன் நெடுநேரம் அமர்ந்திருக்க நேரும். அடிப்படைப் பெட்டி மூன்று அல்லது நான்கு பேருக்கு மட்டுமே. முன்னணியில் இருப்பவரோடு யாரும் பண்டமாற்றக் கூடாது என்று மற்றவர்கள் கூட்டுச் சேர்ந்தால் மனத்தாங்கல் வரும். ஆறேழு வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 2001இல் விருது பெற்ற 'கார்கசோன்' இதைவிடப் பொருத்தம். கிளாவுஸ் யூர்கன் விரேடே உருவாக்கிய அதில், ஒரு சில்லை எடுத்து ஏற்கெனவே உள்ள சில்லுகளோடு சாலையும் கோட்டையும் பொருந்துமாறு வைக்க வேண்டும், அவ்வளவே. படிக்க எழுத்து இல்லை. எந்த இடத்தில் பொருந்தும் என்று பாட்டியும் பேரனும் கலந்து பேசலாம். ஆட்டம் முடியும்போது மேசை மேல் ஒரு நாடு விரிந்து கிடக்கும். தோற்றவரும் அதில் பாதியைக் கட்டியிருப்பார்.

பச்சீசியில் இழந்த துணைவரும் இறுதியில் திரும்பி வந்தார். அனைவரும் ஒரே அணியாக நின்று ஆட்டத்தையே எதிர்க்கும் கூட்டு விளையாட்டுகள் இந்த நூற்றாண்டில் பெருகியுள்ளன. 2013இல் விருது பெற்ற, ஆந்துவான் பௌசாவின் 'ஹனாபி' அவற்றில் ஒன்று. இதில் பலகை இல்லை, சீட்டுகள் மட்டுமே. அவரவர் சீட்டுகளை மற்றவர் பார்க்கும்படி வெளிப்புறமாகத் திருப்பிப் பிடிக்க வேண்டும். என் கையில் இருப்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அளவாகத் தரப்படும் குறிப்புகளைக் கொண்டு அதை நான் ஊகிக்க வேண்டும். குடும்ப வாழ்க்கைக்கு இதைவிட நெருக்கமான உருவகம் ஒன்றை எளிதில் சொல்லிவிட முடியாது.

எனவே, எதை எடுப்பது?

இத்தனை வரலாற்றிலிருந்தும் கடையில் நிற்பவருக்குக் கிடைப்பது சில எளிய கேள்விகள். முடிவு வரும்வரை எல்லோரும் ஆட்டத்தில் இருப்பார்களா, இடையில் யாரேனும் வெளியேற்றப்படுவார்களா? மற்றவர் முறையின்போது எனக்குச் செய்யவோ கவனிக்கவோ ஏதேனும் உண்டா? சிறியவர் எப்போதாவது உண்மையாகவே வெல்லும் அளவுக்கு அதிர்ஷ்டமும், பெரியவர் சலிப்படையாத அளவுக்குத் தேர்வுகளும் இருக்கின்றனவா? வீட்டின் ஆகச் சிறியவர் உறங்குவதற்குள் முடிந்துவிடுமா? பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வயதும் நேரமும் ஓரளவு வழிகாட்டும். முதல் முறை ஆடும்போது அந்த நேரத்தைப்போல் இருமடங்கு ஆகும். விதிகளை ஒருவர் முன்கூட்டியே படித்துவிட்டு அமர்வது நலம். மேசையில் எல்லோரையும் காக்க வைத்துவிட்டு விதிப்புத்தகத்தை உரக்கப் படிப்பதுபோல் உற்சாகத்தைக் கொல்வது வேறில்லை.

புதிய பெட்டி வாங்கித்தான் தீர வேண்டும் என்பதும் இல்லை. தாயமும் லூடோவும் வீட்டில் இருந்தால், எதிரெதிரே அமர்பவர்களைத் துணைவர்களாக்கி, இருவர் காய்களும் வீடு சேர்ந்தால்தான் வெற்றி என்று விதியை மாற்றி ஆடிப் பார்க்கலாம். 1896இல் கழற்றப்பட்டதை மீண்டும் பூட்டுவதுதான் அது. பாட்டிக்குத் துணை பேத்தி. பாட்டிக்குப் பன்னிரண்டு விழும்போது பேத்தி ஆரவாரம் செய்வாள். பேத்தியின் காய் வெட்டுப்படும்போது பாட்டி, தன் பழத்தைத் தள்ளிவைத்துவிட்டு இன்னொரு சுற்று வருவாள்.